நடுவில் ஒரு சொல்

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா. நல்லா சத்தமா."

நர்சு செல்வமாரி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கட்டிலில் கிடப்பவரின் மனைவி பேச்சித்தாய் வாயைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டாள்.

புதூர்ப் பக்கத்து மனுஷன் அவர். மக்காச்சோளத் தட்டை ஏற்றிய டிராக்டரின் உச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டார். உழுது போட்ட கரிசலில் விழுந்ததால் மண்டை தப்பித்தது. ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் முந்தாநாள் மூடிய கண்ணை மனுஷன் இன்னும் திறக்கவில்லை.

பழகின குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழிப்பு வரலாம், விடாமல் கூப்பிடுங்கள். டாக்டர் சொல்லிவிட்டுப் போன வைத்தியம் இதுதான்.

ரத்தம் கேட்டிருந்தால் கையை நீட்டியிருப்பாள். கேட்டது பேர்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பேர் அவள் நாக்கில் ஏறியதே இல்லை. "ஏங்க" என்பாள். கோபம் வந்தால் "ஒங்களத்தான்" என்பாள். பேங்கில் வீட்டுக்காரர் பேர் கேட்டால், "ஏழு மலை இருக்கிற ஊரு, மொட்டை போடுவாங்கல்லா" என்று விடுகதை போடுவாள். அவர்கள் "திருப்பதியா?" என்றதும் தலையை மட்டும் ஆட்டுவாள். இங்கே கொண்டுவந்து சேர்த்த அவசரத்திலும், அழுகைக்கு நடுவில், சீட்டு எழுதுகிறவரிடம் விடுகதைதான் போட்டாள். அண்ணன் பெண்டாட்டி அந்த ஊருக்குப் போய்விட்டு வந்து லட்டு கொடுத்தால் அதற்குக்கூட 'மலை லட்டு' என்றுதான் பேர்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெத்த அய்யாவின் பேரை அம்மா சொல்லி அவள் கேட்டது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு அய்யாவைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள். அம்மா அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள்.

சொன்னால் எழுந்திருப்பார் என்கிறார் டாக்டர். சொன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார் என்கிறது ஊர். அவள் யாரை நம்புவாள், பாவம்.

"ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த ஏங்கவுக்கு அவர் வீட்டிலேயே லேசில் திரும்ப மாட்டார்.

செல்வமாரி சொட்டு மருந்தைச் சரி செய்துகொண்டே சொன்னாள். "தமிழ்ல சொல்ல பயமா இருந்தா இங்கிலீஷ்ல சொல்லுங்கக்கா. அதுல சொன்னா குத்தமில்ல."

நக்கல்தான். ஆனால் பேச்சித்தாய்க்குக் கோபம் வரவில்லை.

"எப்படிச் சொல்லணும் சிஸ்டர்?"

"யூ ஆர் திருப்பதி."

யூ என்றால் நீங்க. அது டி.வி. பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பேர் பேர்தான். நடுவில் இருப்பது என்ன?

"அது சும்மா வரும்க்கா."

"சும்மா எதுக்கு வரும்? நீங்க நர்சுன்னா நீங்க நர்சு. நாம நடுவுல ஒண்ணும் போடுதோமா?"

செல்வமாரியின் கை நின்றது. படிக்கிற காலத்தில் இந்தச் சந்தேகம் அவளுக்கு வந்ததே இல்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்து யோசித்துச் சொன்னாள்.

"இருக்கீங்கன்னு அர்த்தம்க்கா. அவங்க பாஷையில ஒருத்தர் யாருன்னு சொல்லணும்னா, முதல்ல அவர் இருக்காருன்னு சொல்லிரணும் போல. பொறவுதான் பேரு, ஊரு, உத்தியோகம் எல்லாம்."

"அப்ப யூ ஆர்னு மட்டும் சொன்னா?"

"நீங்க இருக்கீங்க. அவ்வளவுதான். ஆனா யாரும் அதோட நிறுத்த மாட்டாங்க."

பேச்சித்தாய் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தாள். வெள்ளைக்காரன் விவரமானவன்தான் என்று தோன்றியது. பேரை எடுக்கும் முன்னாலேயே ஆள் இருக்கிறார் என்று காப்புக் கட்டிவிடுகிறான். அதற்கப்புறம் பேரைச் சொன்னால் எமன் வந்துதான் என்ன செய்ய முடியும்?

அவர் காதருகே குனிந்தாள். டெட்டால் வாசனையையும் மீறி அவர் தலைமுடியில் சோளத் தட்டை வாசனை அடித்தது.

"யூ ஆர்..." நடுச்சொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி அழுத்திச் சொன்னாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "திருப்பதி."

ஒன்றும் நடக்கவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

"யூ ஆர் திருப்பதி."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"திருப்பதீ!"

வார்டே அதிர்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுச்சொல்லை விட்டுவிட்டாள். யூவும் இல்லை, ஆரும் இல்லை, காப்பில்லாமல் வெறும் பேர். வாசலில் மாரடித்துக்கொண்டு அம்மா கூப்பிட்ட அதே மாதிரி.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருடைய இமை துடித்தது. உதடு அசைந்தது. கண் பாதி திறந்து, ஃபேனைப் பார்த்து, செல்வமாரியைப் பார்த்து, கடைசியில் அவளிடம் வந்து நின்றது.

"ஏட்டி..." குரல் கரகரத்தது. "பேரச் சொல்லியா கூப்பிடுத? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

செல்வமாரி டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பேச்சித்தாய் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டினது போதவில்லை. கண்ணீரும் சிரிப்புமாக அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யூ ஆர்" என்றாள்.

அதோடு நிறுத்திக்கொண்டாள்.