சிப்பிக்குச் சோறு

அவர் தட்டை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினார்.

சிப்பி முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முள் நீக்கிய சாளை மீனும் சோறும். காலையில் வைத்த ஈரலைப் பக்கத்து வீட்டுப் பூனை தின்றுவிட்டுப் போனது. நேற்று முட்டை. அதற்கு முந்தின நாள் தயிர்சோறு. எதற்கும் இதே முகம்தான்.

அதன் விலாவில் விரல்களை வைத்தார். ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது.

உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்த நாய். "மருந்துல காய்ச்சல் விட்டுட்டு. இனி வாயால தின்னு ஒடம்பு தேறணும். இப்படியே எளைச்சிட்டுப் போனா தாங்காது" என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

"தின்னாட்டிப் போ!"

கத்திவிட்டார். அது வாலை மெல்ல ஒருமுறை ஆட்டியது. கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

சிப்பி அவருடைய நாய் இல்லை. மனைவி ஜெசிந்தாவின் நாய். மகளின் பிரசவத்துக்காக அவள் மஸ்கட் போன பிறகுதான் அவர் கைக்கு வந்தது.

மாலையில் ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள்.

"தின்னுச்சா?"

"இல்ல."



"போனை ஸ்பீக்கர்ல போட்டு தட்டுக்குப் பக்கத்துல வைங்க. நீங்க உள்ள போங்க."

வைத்தார். அடுக்களைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"ஏட்டி சிப்பி, அம்மா பேசுதேன். இங்க வெளிய கால் வைக்க முடியல, அப்படி வெயிலு. பேத்தி ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கா. மக என்கிட்ட எரிஞ்சு விழுதா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல, ஒறக்கமில்ல. நேத்து நான் பாத்ரூம்ல வழுக்கிட்டேன். முட்டி வீங்கிப் போச்சு. அப்பாகிட்ட சொல்லிராத, என்ன?"

சளப் சளப்பென்று சத்தம்.

எட்டிப் பார்த்தார். சிப்பி தின்றுகொண்டிருந்தது.

சிப்பிக்குச் சோறு வைத்துவிட்டுப் பின்வாசலில் அவள் முணுமுணுப்பதை எத்தனையோ வருடமாகக் கேட்டிருக்கிறார். என்ன சொல்கிறாள் என்று ஒருநாளும் காது கொடுத்ததில்லை.

பேச்சு நின்றதும் சிப்பி தலையைத் தூக்கியது. பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவர் போனை எடுத்தார்.

"முட்டிக்கு ஐஸ் வையி."



"ஒட்டுக்கேட்டியளா?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் அவள் கூப்பிடவில்லை. குழந்தைக்குச் சளி, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று மகள் வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

சிப்பி தட்டைப் பார்த்தது. அவரைப் பார்த்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர் அவர். மேலே கூண்டுக்குள் தனி ஆள். பேச யாருமில்லை. இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"இன்னைக்கு..."

தொண்டையைச் செருமிக்கொண்டார். யாராவது பார்க்கிறார்களா என்று மதில் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இன்னைக்குச் சாளை வரத்து கம்மி."

ஒரு காது நிமிர்ந்தது.

"காத்து பலமாம். பாதி வள்ளம் கடலுக்குப் போகல."

மூக்கு தட்டுக்குள் போனது.

நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது.

வேறு என்ன சொல்ல? மனதில் இருந்ததெல்லாம் பழசுதான்.

"மொத நாளு கிரேன்ல ஏறுனப்போ எனக்கு ஒரே பயம். கண்ணை மூடிட்டுத்தான் ஏணியில ஏறுவேன். ரொம்ப நாளு அப்படித்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்கம்மாகிட்டகூட."

சொல்லி முடித்தபோது தட்டு வெறுந்தட்டாக இருந்தது.

அதன்பிறகு சிப்பியிடம் சொல்ல அவருக்குச் செய்தி தேவைப்பட்டது.

மீன் கூடை கொண்டுவரும் சேசம்மாளை நிறுத்தி, "மகளுக்கு வரன் அமைஞ்சுதா?" என்று கேட்டார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒடம்புக்கு எதும் சரியில்லையா?"

அன்று மாலை சிப்பிக்கு அதையும் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி கொண்டுபோனபோது டாக்டர் சிப்பியை எடை பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

"நல்லாத் தேறிட்டே. என்ன குடுக்கீங்க?"

"மீனும் சோறும்தான்" என்றார். மிச்சத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஜெசிந்தா திரும்பி வந்த அன்று சிப்பி வாசலிலேயே அவள் மேல் பாய்ந்தது. தூக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏயப்பா, என்னா கனம்! என்னத்தப் போட்டு வளத்திய?"

அவர் அவளுடைய பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்.

பயணக் களைப்பில் படுத்தவள் கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பின்பக்கம் யாரோ பேசும் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

யாருமில்லை. அவர் துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். எதிரே சிப்பி தின்றுகொண்டிருந்தது.

"...உங்கம்மா மஸ்கட் போன அன்னைக்கு ஏர்போர்ட்ல அவ உள்ள போய்ட்டா. எனக்கு வீட்டுக்கு வர மனசே இல்ல. அந்தக் கண்ணாடிக்கு வெளியவே நின்னேன். செக்யூரிட்டி வந்து யாருக்கு வெயிட் பண்ணுதீங்கன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல..."

அவள் நிழல் தட்டின் மேல் விழுந்தது.

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். காது மடல்வரை வெட்கம்.

ஜெசிந்தா துவைகல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். சிப்பியைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.

சிப்பி தட்டை நக்கி முடித்து, கொய்யா மரத்தடிக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டது.

அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.