டமாரத்தைக் கூப்பிடுங்கள்

"சத்தமாக் கூப்பிடுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள் நர்ஸ். "சில பேர் அதுக்குத்தான் கண்ணைத் திறப்பாங்க."

மேஸ்திரி குனிந்து, தலை முழுக்கக் கட்டோடு கிடந்தவனின் காதில் அவன் பெயரைச் சொன்னார். முதலில் மெதுவாக, அப்புறம் பலமாக. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். கிடந்தவனுக்கு இமை அசையவில்லை.

"இவனாவது திரும்புறதாவது! நல்லா இருக்கும்போதே பேரைச் சொன்னா இவனுக்குக் காது கேட்காது" என்றான் பிளம்பர். சிரிப்பு மூட்டத்தான் சொன்னான். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மூவரும் வேலை பார்த்த கட்டடத்தில் அவனுக்கு டமாரம் என்றுதான் பெயர். வேலைக்கு வந்த புதிதில் தொண்டை வறளக் கத்தினாலும் திரும்ப மாட்டான். டமாரச் செவிடு, டமாரச் செவிடு என்று திட்டித் திட்டிக் கடைசியில் டமாரம் ஒட்டிக்கொண்டது. ஆனால் கீழே டீ வந்துவிட்டால் போதும், மேல்தளத்திலிருந்து முதல் ஆளாக இறங்கி வருவான். வேலை சொல்லக் கூப்பிட்டால் மட்டும் கேட்காத காது அது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

மற்றபடி தங்கமான மனுஷன். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அவர்கள் மூட்டையையும் சேர்த்துத் தூக்குவான். இன்று காலை சாரத்துப் பலகை முறிந்து விழுந்துவிட்டான். ஏறச் சொன்னவர் மேஸ்திரி. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, ஆனால் அவர் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

"முழிப்பு வந்துட்டா பிழைச்சுக்குவார். நேரம் ஆக ஆகக் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றான் பிளம்பர். "அவன் பேருக்கே தீர்க்காயுசுன்னு அர்த்தமாம். அவனே பெருமையாச் சொல்லியிருக்கான். பேரு வெச்சவங்க சும்மாவா வெச்சிருப்பாங்க?"

மேஸ்திரி அந்த அர்த்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது, பாவம்! மறுபடி குனிந்து அந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார். ம்ஹூம்.

"டேய் டமாரம்! டீ வந்திருச்சுடா!" பிளம்பரும் கூப்பிட்டுப் பார்த்தான்.

"பட்டப்பேரெல்லாம் வேண்டாங்க" என்றாள் நர்ஸ். "அது நீங்களா வெச்சது. சின்ன வயசுலேர்ந்து கேட்டுப் பழகின பேருதான் உள்ள வரைக்கும் போகும். வீட்டு ஆளுங்க யாரும் இல்லையா? போன்ல கூப்பிட்டாக்கூடப் போதும்."

வீட்டு ஆளுக்கு எங்கே போவது? டமாரம் வீட்டுப் பேச்சை எடுத்ததே கிடையாது. அவன் போனும் விழுந்த வேகத்தில் தூள் தூளாகிவிட்டது. மேஸ்திரி ஆபீசுக்குப் போன் போட்டு, அவன் வேலைக்கார்டுக்காகப் பதிவாகியிருந்த வீட்டு நம்பரை வாங்கினார்.

நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டுப் போனை டமாரத்தின் காதோரம் பிடித்தார்.

"யாருங்க?" என்றது வயதான ஒரு பெண் குரல். மேஸ்திரி, கட்டிலில் கிடந்தவனின் பெயரைச் சொல்லி, அது அவன் வீடுதானா என்று கேட்டார்.

"ஆமாங்க, நான் அவன் அம்மாதான்."

பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னார்.

"அம்மா, பதறாதீங்க. உங்க பையனுக்கு அடிபட்டிருக்கு. நினைவில்லாமக் கிடக்குறாரு. போனை அவர் காதுல வெச்சிருக்கேன். நீங்க வாய் நிறையப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, கண்ணைத் திறந்துருவாரு."

அழப்போகிறாள் என்று மேஸ்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னங்க உளர்றீங்க? அவன் வாசல்ல உக்காந்து சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு இருக்கான்!"

சொன்ன கையோடு அவள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவைதான். "இதோ வர்றேம்மா" என்றது ஓர் ஆண் குரல்.

மேஸ்திரி கட்டிலில் கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தார். மகன் போனை வாங்கினான். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் அடங்கிப் போயிற்று.

"ஐயோ, அவருக்கா? வேலையில சேர்ந்து கார்டு வாங்கின அன்னிக்கே அம்மாவுக்கு முடியலைன்னு போன் வந்து நான் திரும்பிட்டேங்க. கேட்டுக்கு வெளியில ஒருத்தர் நின்னார். கார்டு இல்லாம எங்கயும் எடுக்க மாட்டேங்கிறாங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். பார்க்கவும் என் சாயல்தான். பாவமா இருந்துச்சு, கார்டைக் கொடுத்துட்டேன். என் பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னுகூடக் கேட்டுக்கிட்டார்."

கட்டிலருகே இருந்த மெஷினைப் பார்த்த நர்ஸ் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? கூப்பிடுங்க, கூப்பிட்டுக்கிட்டே இருங்க!"

"தம்பி, உங்களைக் கும்பிடுறேன்" என்றார் மேஸ்திரி. அவர் அழுதுகொண்டிருந்தார். "அவரு பேரு என்ன? சீக்கிரம் சொல்லுங்க, கூப்பிடணும்!"



"நான் கேட்டுக்கலீங்களே."