நாலாவது முயற்சி

"நீங்க யாருன்னே தெரியாத ஒருத்தரை ஏம்ப்பா வாராவாரம் பார்க்கப் போறீங்க?" என்று டுவேனின் மகள் ஏழு வயதில் கேட்டாள்.

"அவருக்கு என்னைத் தெரியாததாலதான் போக முடியுதும்மா" என்றார் அவர். அவளுக்குப் புரியவில்லை.

இன்றும் சனிக்கிழமை. நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூர்ப் பராமரிப்பு இல்லத்தில் எல்லோரும் டிவியில் கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டுவேன், சின்னமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியைப் பிட்டு, சில்லி என்ற சூடான இறைச்சிக் குழம்பில் தோய்த்து, கல்லூரியில் தன்னோடு ஆடிய லாமருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

டிவியில் ஒரு பையன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

"டுவேன், உன் வாரிசு வந்துட்டான்யா!" சக்கர நாற்காலிக் கிழவர் ஒருவர் கூவினார். "ஆனா உன்னைவிடத் தேவலை. பந்து மைதானத்துக்குள்ளயாவது விழுது!"

டுவேனும் சேர்ந்து சிரித்தார். முப்பது வருடமாகச் சிரிக்கிறார்.

கல்லூரி அணியில் அவர் உதைப்பவர். மூன்று முயற்சியில் அணி முன்னேற முடியாவிட்டால், நாலாவதில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்துத் தர வேண்டும். கடைசி வருடம், முதல் மூன்று ஆட்டங்களில் ஐந்து உதைகள் தப்பின. பிறகு கோச் அவரை இறக்கவே இல்லை.

அதன்பின் அணியின் ஆட்டமே மாறிப்போனது. நாலாவது முயற்சி வந்தாலே லாமர் மைதான ஓரத்துக்கு ஓடி வந்து கோச்சிடம் ஏதோ பேசுவார். திரும்பிப் போய்ப் பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணிக்காரர்களின் சுவருக்குள் தலையால் முட்டிப் பாய்வார். அந்த வருடம் முப்பத்தொரு தடவை.

அந்த அடிகள்தான் காரணம் என்றார்கள் மருத்துவர்கள். லாமருக்கு இப்போது மனைவியைக்கூட அடையாளம் தெரிவதில்லை.

'நான் ஒழுங்காக உதைத்திருந்தால்...' என்பதே டுவேனுடைய ஆயுள் முழுவதற்குமான ஜெபம். ஞாயிறுதோறும் கர்த்தரிடம் கேட்கும் மன்னிப்பை, சனிக்கிழமைதோறும் லாமரிடமும் கேட்பார். லாமர் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இடைவேளை வந்ததும் மற்றவர்கள் காபிக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது கூடத்தில் இவர்கள் இருவர்தான். டிவியில் நாலாவது முயற்சி. உதைக்கும் பையனைப் பார்த்து மைதானமே ஊளையிட்டது.

லாமர் சட்டென்று நிமிர்ந்து டுவேனின் மணிக்கட்டைப் பற்றினார். அந்தக் கண்களில் இருபது வயது இருந்தது.

"கோச்!"

டுவேன் திகைத்தார். "என்னப்பா?"

"டுவேனை அனுப்பாதீங்க கோச். நீங்க அவனை நம்புறீங்க, எனக்குத் தெரியும். ஆனா இந்தக் கூட்டம் கத்துறதைக் கேளுங்க. இன்னொண்ணு தப்பிப் போச்சுன்னா அவன் தாங்க மாட்டான். பந்தை என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க, நான் முட்டிக்கிறேன்."

கரண்டியிலிருந்த சில்லி டுவேனின் மடியில் சிந்தியது.

லாமர் அதற்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ முயன்றார். டுவேன் அந்தத் தோள்களைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார். போர்வையை இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமி, செத்துப்போன கோச்சின் கரகரத்த குரலை வரவழைத்துக்கொண்டார்.

"நீ உட்காரு லாமர். இந்தத் தடவை அவனே உதைக்கட்டும்."