கடுகளவு மேடு

ஆறு மாதத்துக்கு முன் நவ்யாவின் உடைந்த மூக்கை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் தமிழ்வேந்தனின் மேசையை, பங்காரம்மா ஓங்கித் தட்டினாள்.

“நேராக்கிட்டேன்னு சொன்னீங்களே, இந்த மேடு என்னங்க?”

“போதும், விடுங்க,” என்றாள் நவ்யா.

“நீ சும்மா இரு கண்ணு. விட்டு விட்டுத்தான் இந்தக் கதி.”

டாக்டர் நிதானமாக விளக்கினார்.

“மேட்டைச் சுத்தி ஊசியில ஜெல் ஏத்தினா சமமாத் தெரியும், வருசம் ஒண்ணு தாங்கும். இல்லீன்னா, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு எலும்பை லேசா ராவி விட்டுடலாம். என்னைக் கேட்டா இன்னும் ஆறு மாசம் பொறுங்க. வீக்கம் வத்தினா அதுவே அடங்கிரும்.”

“பொறுக்கச் சொல்றதுக்கா கிணத்துக்கடவுல இருந்து வரச் சொன்னீங்க? ராவிப்போடுங்க.”

“கடுகளவு மேடுங்கம்மா. யாரு கண்ணுக்கும் தெரியாது.”

“எங் கண்ணுக்குத் தெரியுதே. தெனமும் காபியோட எம் முன்னால வந்து நிக்கறா. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டீங்குது.”

டாக்டருக்கும் கோபம் வந்துவிட்டது.

“குளியலறையில வழுக்கி விழுந்து நொறுங்கின மூக்குங்க இது, இவ்வளவு நேரானதே பெருசு. நீங்க சொன்னபடிதான் கேஸ் ஷீட்டுல எழுதியிருக்கேன்.”

பங்காரம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. டாக்டர் கோபத்தை விழுங்கிக்கொண்டு, தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“தப்பா நெனைக்காதீங்க. பெத்த மனசு, ஆத்திரம் வரத்தான் செய்யும்.”

அவள் தண்ணீரைத் தொடவில்லை. நவ்யாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“பெத்த மனசுதாங்க. அதுதான் அன்னிக்கு உங்ககிட்ட அப்படிப் பொய் சொல்ல வெச்சுது. நான் இவளைப் பெத்தவ இல்லைங்க. இந்த மூக்கை ஒடைச்சவனைப் பெத்தவ.”