மஞ்சளா, வெள்ளையா, நீலமா?

"இதுவும் சரியில்ல. கழட்டுங்க."

ரெண்டாவது ஜோடி ஹெட்லைட் பல்பையும் பெரியவர் வேண்டாமென்றதும் லைட்டுக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

இத்தனைக்கும் காரை ஓட்டுவது அவரில்லை, அவர் மனைவி. "ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட இவருக்குத் தெரியாது தம்பி" என்று வந்ததுமே சிரித்துக்கொண்டு சொன்னாள் அந்த அம்மாள். முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறாளாம்.

"பொழுது சாய்ஞ்சா ரோடே தெரிய மாட்டேங்குது. போன வாரம் வீட்டு கேட்டுல உரசிட்டேன். பழைய லைட் வேலைக்கு ஆகல. பளிச்சுனு எரியுமாமே, அந்த செனான் பல்பு போட்டுடுங்க."

கடைக்காரர் பழைய லைட்டைப் போட்டுப் பார்த்தார். அதில் பெரிதாக ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வந்த கிராக்கியிடம் அதைச் சொல்வானேன்?

ஷெட்டின் ஷட்டரை இறக்கி இருட்டாக்கினார். அம்மாளை ஸ்டியரிங் முன்னாலும், பெரியவரைப் பக்கத்து சீட்டிலும் உட்கார வைத்தார். எதிர்ச் சுவரில் டயர் விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து.

"பல்புல போட்டிருக்கற கலர் நம்பர் நாலாயிரத்து முந்நூறுன்னா லேசா மஞ்சள் கலந்த வெள்ளை. ஆறாயிரம், பளிச்சுனு வெள்ளை. எட்டாயிரம், நீலம். நம்பர் ஏற ஏற நீலம்தான் ஏறும், வெளிச்சம் ஏறாது. மழைக்கு மஞ்சள்தான் கைகொடுக்கும்."

முதலில் வெள்ளையைப் போட்டார். நொடியில் சூடேறிப் பளீரென்று எரிந்தது.

"அடேயப்பா, பகல் மாதிரி இருக்கே" என்றாள் அம்மாள்.

"இருக்கட்டும். அந்தச் சுவர்ல என்ன எழுதியிருக்கு, படி" என்றார் பெரியவர்.

"டயர்."

"அதுக்குக் கீழ?"

"உறுதி, உழைப்புன்னு ஏதோ போட்டிருப்பான். டயர்க்காரன் வேற என்ன எழுதப் போறான்?"

"என்ன எழுதுவான்னு கேக்கல. என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன்."

அம்மாள் புடவைத் தலைப்பால் ஸ்டியரிங்கைத் துடைத்தாள். "கழட்டுங்க" என்றார் பெரியவர்.

அடுத்தது மஞ்சள். அம்மாளுக்கு அதுவும் பிடித்தது. "கண்ணுக்கு இதமா இருக்கு தம்பி, இதையே வெச்சிடுங்க."

"ரெண்டாவது வரியைப் படி, வெச்சிடலாம்."

"என்னங்க, நான் கார்ல போறது ரோட்டைப் பார்க்கவா, போஸ்டர் படிக்கவா? சாயங்காலம் பேத்தியை டான்ஸ் கிளாஸ்லேர்ந்து கூட்டிட்டு வரணும், சீக்கிரம் முடிங்க."

"பேத்தியைக் கூட்டிட்டு வரத்தானே லைட் பார்க்கறோம்."

அப்போதுதான் ரெண்டாவது ஜோடியையும் கழட்டச் சொன்னார்.

கடைக்காரர் பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்துக் கழட்டினார். ஆனால் மனசு கேட்கவில்லை. தலை நரைத்த பெண்டாட்டியை, அதுவும் அடுத்தவன் எதிரில், ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டச் சொல்கிற மனுஷனை அவர் இப்போதுதான் பார்க்கிறார். அப்படி என்ன பிடிவாதம்? தனக்கு ஓட்டத் தெரியாத காரை அவள் ஓட்டுகிறாளே என்ற வயிற்றெரிச்சலோ?

"எட்டாயிரம் போடுங்க" என்றார் பெரியவர்.

"அது பார்க்க ஸ்டைலா இருக்கும் சார், அவ்வளவுதான். ரோடு சரியாத் தெரியாது."

"பரவாயில்ல, போடுங்க."

போட்டார். சுவர் முழுக்க நீலம் பரவியது.

"ஐயே, பேய்ப்படம் மாதிரி இருக்கு" என்றாள் அம்மாள்.

இந்தத் தடவை பெரியவர் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. தானே முன்னால் சாய்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலம்மா. மேல ஏதோ இருக்குன்னியே, அதுகூடத் தெரியல."

"டயர்னு கொட்டை எழுத்துல இருக்கே."

"கொட்டையும் தெரியல, பருப்பும் தெரியல."

அம்மாள் சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு? ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவே."

"சொல்லாம இருந்தா மட்டும்? தம்பி, கோளாறு லைட்ல இல்ல, இவர் கண்ணுல இருக்கு. பழைய பல்பையே மாட்டிடுங்க. முதல்ல இவரை டாக்டர்கிட்ட காட்டணும்." கதவைத் திறந்து இறங்கினாள். "நான் போன் பண்ணிக் கேக்கறேன். இன்னிக்கே பார்ப்பாங்களான்னு தெரியல."

ஷட்டரை ஏற்றினார் கடைக்காரர். வெளியே நல்ல வெயில். அம்மாள் வாசலில் நின்று போனில் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

பழைய பல்பை மாட்டிக்கொண்டே கடைக்காரர் யோசித்தார். இவ்வளவு நேரம் குறை சொன்னதற்குக் காரணம் இதுதானா? கண் தெரியாமல்தான் மனுஷன் பல்பு மேல் பழி போட்டாரா? ஆனாலும் ஒன்று மட்டும் இடித்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. வண்டி ஓட்டறது அம்மா. உங்களுக்குக் கண்ணு தெரியலேன்னா அதுக்கு அவங்களை எதுக்குப் படிக்கச் சொன்னீங்க?"

பெரியவர் வாசல் பக்கம் பார்த்தார். அம்மாள் போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். பிறகு மூக்கருகே கொண்டுவந்தாள். கடைசியில், வழியே போன யாரோ ஒருவரிடம் கொடுத்து நம்பரைத் தேடித் தரச் சொன்னாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் பெரியவர், குரலைத் தாழ்த்தி. "கண்ணைக் காட்டிக்கோன்னு மாசக்கணக்கா அவகிட்ட கெஞ்சறேன், அசைய மாட்டேன்னுட்டா. எனக்குன்னதும் பார்த்தீங்களா, இப்பவே கிளம்பிட்டா. அங்க போனதும் அவ கண்ணையும் பார்க்கச் சொல்லிடுவேன்."