ஐந்தாம் கால்

மேசை அதிர, ஊசி முனை நடுங்கியது. ஆஃப்ரீன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

நுண்ணோக்கியின் கீழே, ஒரு சொட்டு அமிலத்தில், ரவை அளவு உயிர் ஒன்று மல்லாந்து கிடந்தது. துடுப்புக்காலி. இறாலுக்கு மிகச் சிறிய உறவு. லட்சத்தீவுக் கடலில் முழுகிக் கிடக்கும் ஒரு மலையின் உச்சிக்கு மேலே வலை போட்டு எடுத்தது.

ஜாடியில் ஆயிரக்கணக்கில் இருந்தன. இந்தத் தோற்றத்தில் இது ஒன்றுதான்.

துடுப்புக்காலிகளின் உடம்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் ஐந்தாம் கால்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெண்ணைப் பற்றிக்கொள்ளும் கொடுக்கு அது. இனத்துக்கு ஒரு வடிவம். அதை முறியாமல் கழற்றினால்தான், இது அந்த மலைக்கே உரிய புது இனமா, எங்கும் திரிகிற பழையதா என்று தெரியும்.

அமிலம் அதன் ஓட்டை இளக்கியிருந்தது. இன்னும் ஊறினால் கால் குழைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தை அவள் தேர்ந்ததே, ஆய்வுக்கூடச் சுவருக்கு அப்பால் உள்ள தோல் பதனிடும் டேனரியில் சுழலும் டிரம்கள் நிற்கும் என்பதால்தான். பாங்கு முடிந்தும் ஒன்று மட்டும் நிற்கவில்லை.

அங்கே சூப்பர்வைசர் அவள் கணவன் உமர் ஃபாரூக். போன் செய்தாள். அவசர ஆர்டராம். ஆட்கள் முறைபோட்டுத் தொழப் போகிறார்களாம்.

“தோலுக்கு குரோம் உப்பு போட்டாச்சு. இப்ப நிறுத்துனா தோலு திட்டுத்திட்டா ஆய்டும், என் வேலையும் போய்டும். உன் பூச்சிக்கு இன்னா அவசரம்? கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.”

அவனுக்கும் தோல் ஊறிக்கொண்டிருந்தது. அவளுக்கும்.

கண்ணை மூடிக் கேட்டாள். டிரம்முக்குள் இருக்கும் கட்டைகள் ஈரத் தோல்களை மேலே தூக்கிப்போய்க் கீழே போடும். விழும்போது தொம். மேசை அதிர்வது அப்போது மட்டும்தான். அடுத்த தொம் வரை அசைவில்லை.

அந்த இடைவெளி போதும்.

தொம். ஒரு கீறல். ஊசியை எடுத்தால் கால் நழுவிவிடும். அதனால் அதிர்வு வரும் கணத்தில், அதற்கு எதிராக மணிக்கட்டை இறுக்கினாள். தொம். இன்னொரு கீறல். மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டது.

தசை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. கடைசி இழை மட்டும் பாக்கி.

மணிக்கட்டை இறுக்கினாள்.

தொம் வரவில்லை.

இல்லாத படியில் கால் வைத்தவள்போல, எதிர்ப்பு இல்லாமல் கை முன்னே போனது.

சொட்டுக்குள் துண்டுகள் மெல்லச் சுழன்றன. எது கொடுக்கு, எது வெறும் ஓடு என்று பிரிக்க முடியவில்லை.

போன் அடித்தது. உமர் கிசுகிசுத்தான்.

“எல்லாரையும் தொழ அனுப்பிட்டேன். நானே நிறுத்திட்டேன், உனக்கோசரம். சீக்கிரம் முடி. ஆச்சா?”

ஆஃப்ரீன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆச்சுங்க. டிரம்ம ஓடவுடுங்க.”