நாலரை அங்குலம்

அடுக்குமாடியில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர் நின்றது. அதில் சார்ஜுக்குத் தொங்கும் கைபேசிக்கு ஒரே பெருமை.

“உலகத்தில் சுவரே இல்லாமல் பண்ணிவிட்டேன். டொரொன்டோகூட எனக்குக் கூப்பிடு தூரம்தான்.”

சுவரிடம் அது அடிக்கடி இப்படிப் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் வீட்டுக்காரர் ஞானமணியின் மனைவிக்கு அவசர ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை என்று வீட்டு முகவரியோடு கைபேசியில் செய்தி அனுப்பினார். அது டொரொன்டோவுக்குப் போய், துபாய்க்குத் தாவி, கோலாலம்பூரைத் தொட்டது.

மதியம் கதவு தட்டப்பட்டது. ஓர் இளைஞன் பரபரப்போடு நின்றான்.

“என் பேரு இர்ஃபான். கோலாலம்பூர்லேர்ந்து மச்சான் உங்க செய்தியை அனுப்பினார். எனக்கு அதே ரத்தம்தான். எந்த ஆஸ்பத்திரி சார்?”

“நீங்க எங்கேருந்து வர்றீங்க தம்பி?”

இர்ஃபான் பக்கத்து வீட்டுக் கதவைக் காட்டினான்.

கைபேசியை எடுக்கக்கூட மறந்து, இருவரும் படியிறங்கி ஓடினார்கள்.

“பார்த்தாயா? மூன்று நாடு சுற்றி ஆளைக் கொண்டுவந்துவிட்டேன்” என்றது கைபேசி.

“நான் வெறும் நாலரை அங்குலம்” என்றது சுவர். “என்னைத் தாண்ட உனக்கு மூன்று நாடு தேவைப்பட்டிருக்கிறது.”

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.